கண்ணுச்சாமி சுற்ற மறுத்த கம்பி

ராஜபாளையத்தில் வயரிங் வேலை பார்க்கும் கண்ணுச்சாமியைப் பிடிவாதக்காரர் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். பியூஸ் கட்டையில் அளவான மெல்லிய கம்பியைத் தவிர வேறெதையும் அவர் சுற்ற மாட்டார். சுமை கூடினால் அந்தக் கம்பி உருகும், கரண்டு நிற்கும், வீடு பிழைக்கும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

இந்தச் சித்திரையில் தங்கை மாரீஸ்வரி கூப்பிட்டுவிட்டாள். அவள் வீட்டு முன்னறை முழுக்கப் பேண்டேஜ் துணிக்கட்டு; மூச்சு விட்டாலே பஞ்சு பறக்கும். துணி சுற்றும் மிஷின், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் மூன்றும் சேர்ந்து ஓடினால் பியூஸ் போய்விடுகிறது. விடிந்தால் லாரி வந்து நிற்கும். பாதிச் சரக்குகூட முடியவில்லை.

"தடிக் கம்பியாச் சுத்தி விடுண்ணே."

"மாட்டேன்டி. மிஷினை மட்டும் ஓட்டு."

"அப்ப மாவை ஒன் தலையிலயா ஆட்ட? கூடப் பொறந்தவளுக்கு ஒரு கம்பி போட மனசில்ல. எம்புட்டுக் கல்நெஞ்சு ஒனக்கு!"

"வையி, நல்லா வையி. வைய நீ இருக்கணும்ல."

"நீ போடலேன்னா போ. வயரிங் வேல பாக்குற சிவபாண்டி போட்டுட்டுப் போறான்."

கண்ணுச்சாமி பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துணிக்கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார்.

"ஆறு வருசத்துக்கு முந்தி ஸ்ரீவில்லிபுத்தூர்ல பரிபூரணம் ஆச்சி வீடு எரிஞ்சதுல்ல? அவிய கெஞ்சுனாகன்னு நான்தான் மூணு இழையா முறுக்கிப் போட்டேன். பொறவு பீஸு போகவே இல்லட்டி. செவுத்துக்குள்ள வயருதான் வெந்துச்சு. ஆச்சி கட்டிலோட போயிட்டா."

மாரீஸ்வரி எழுந்துபோய்க் கிரைண்டர் பிளக்கைக் கழற்றினாள். மோட்டார் பிளக்கையும் கழற்றினாள். அதன் பிறகுதான் அவர் கட்டையை மாட்டினார். மிஷின் மட்டும் ஓடியது. மறுநாள் லாரி பாதிச் சரக்கோடுதான் போனது.

இரண்டு நாள் உழைத்து மிஷினுக்குத் தனி லைன் இழுத்து, சுமை கூடினால் தானே விழுகிற சுவிட்சும் வைத்தார். சோறு போடும்போது மாரீஸ்வரி குனிந்தபடியே கேட்டாள்.

"அந்த வீட்டுல அவியகிட்டச் சொல்லிட்டியாண்ணே?"

"இல்ல. கரண்டுக் கோளாறுன்னு அவியளே முடிச்சுக்கிட்டாக."

கண்ணுச்சாமி பாதிச் சோற்றில் கை கழுவினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும் இடம்வரை அவளும் கூடவே நடந்தாள்.