கர்க்லாண்டிலிருந்து ஓர் அழைப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஐந்து கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். சம்பளம் எந்த நாணயத்தில்? ஒப்பந்தம் எத்தனை வருடம்? கம்பனி மூடினால் யார் பொறுப்பு? மின்சாரம் நின்றால் வேலை என்னவாகும்? மேடையில் பேசுபவர் எப்போது இலங்கைக்குக் குடிபோகிறார்? கடைசிக் கேள்வியை, மரியாதையாக இல்லை என்று வெட்டிவிட்டேன்.

அண்ணாவுக்காகத்தான் போனேன். கொழும்பில் ஒரு வங்கியின் கணினி வலையமைப்பைக் கட்டிப் பராமரித்தவர் அவர். மொன்றியலுக்கு வந்த நாள் முதல் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். உள்ளூர் அனுபவம் இல்லை, பிரெஞ்சு போதாது என்று இங்குள்ள கம்பனிகள் பண்பான மின்னஞ்சல்களில் சொல்லிவிட்டன. நான் வேலை செய்யும் மென்பொருள் கம்பனியின் மனேஜரும் அதையேதான் சொன்னார். பெட்டிகள் ஒன்றும் கேட்கவில்லை.

இலங்கையில் கணினி வேலைகள் குவிந்து கிடக்கின்றன, திறமையுள்ளவர்கள் திரும்பி வாருங்கள் என்று வட்ஸ்அப்பில் இந்தக் கூட்டத்தின் அறிவித்தல் வந்தது. அண்ணா அன்றே விலகல் கடிதத்தை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கூட்டம் முடியட்டும். திங்கட்கிழமை குடுக்கிறன்" என்றார்.

கூட்டம் மொன்றியலின் அஹுன்ட்சிக்கில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில். பேச்சாளர் இங்கே ஒரு மென்பொருள் கம்பனியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு மூன்று பொன்னாடைகள் விழுந்துவிட்டன. திரையில் முதல் படம், தென்னைமரத்தின் கீழே ஒரு மடிக்கணினி. அந்த வெயிலில் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது. இரண்டாவது படத்தில் மேலே ஏறும் அம்புக்குறி. எதிலிருந்து எதுவரை ஏறுகிறது என்று காட்ட ஓர் எண்கூட இல்லை. மூன்றாவதில் 'சிறிய தீவு, பெரிய வாய்ப்பு.' மொன்றியலும் தீவுதான். அண்ணா அதில் பெட்டி அடுக்குகிறார்.

என் நான்கு கேள்விகளுக்கும் கிடைத்தது ஒரே பதில்: "தங்கச்சி, முதல்ல நம்பிக்கை வேணும்."

அண்ணா எழுந்தார். நான் வெட்டிய வரியை அவர் வாசித்திருக்கிறார்.

"ஐயா, நீங்கள் எப்ப போறியள்?"

"நான் போய்ப் போய் வாறன், தம்பி. மாசியிலையும் ரெண்டு கிழமை நிண்டனான்."

"அப்ப வீடு?"

"வீடு இஞ்ச, மொன்றியலில. கர்க்லாண்டில."

"உது வடமாகாணமோ, கிழக்கோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். மண்டபம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார், பொன்னாடைகளைச் சரிசெய்துகொண்டே.

தேநீர் நேரத்தில் அவர் என்னைத் தேடி வந்தார். ஒரு கையில் கடித்த பற்றிஸ், மறுகையில் ஒரு கடித உறை.

"பிள்ளை நல்ல கம்பனியில இருக்கிறியளாம். என்ர மகன் கொம்பியூட்டர் படிச்சு முடிச்சிட்டான். ஆறு மாசமா வீட்டில இருக்கிறான். அவன்ர சுயவிபரம் இது, உங்கட மனேஜரிட்ட ஒருக்காக் குடுத்துவிடுங்கோ."

"கொழும்பில வேலை குவிஞ்சு கிடக்கெண்டு இப்பதானே சொன்னீங்கள்?"

"அது... அவன் இஞ்ச பிறந்த பிள்ளையெல்லே."

அண்ணா பக்கத்திலேயே, தேநீர்க் கோப்பையுடன் நின்றார். அவரிடம் பேச்சாளர் ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். "தம்பி, நீங்கள் இதை நிரப்பித் தாங்கோ."

படிவத்தை அண்ணா மேசையில் வைத்து, அதன்மேல் கோப்பையை வைத்தார்.

காரில் ஏறியதும் என் கையிலிருந்த உறையை அண்ணா வாங்கிப் பிரித்து வாசித்தார். "பெடியன் நல்லாப் படிச்சிருக்கிறான். குடுத்துவிடு. அவன் என்ன செய்வான், பாவம்."

எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. "உங்கட கடிதம்?" என்று கேட்டேன்.

அவர் சட்டைப்பையைத் தொட்டும் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு ஷிப்ட்" என்றார். "காரை வீட்டுக்கு விடு. சாப்பாடு கட்டோணும்."