மட்டக்களப்புக்கு நடக்கப் பழகியது

கந்தோரில் நடைபவனிக்குப் பெயர் சேர்க்க ஒரு பிள்ளை வந்தபோது எல்லோரும் கோப்புகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். நான் தேநீர்க் கோப்பையோடு கதவுக்கு நேரே நின்று அகப்பட்டேன். சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி சேர்க்கச் செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு வரை நடப்பதாம்.

"சேருக்கு ஏலுமா?" என்று கேட்ட அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தது. அந்தப் பார்வைக்காகத்தான் கையெழுத்து வைத்தேன். நோயாளிகள் பிறகுதான் நினைவுக்கு வந்தார்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடைக்குப் பாண் வாங்கப் போவதற்கும் மோட்டார் சைக்கிளை எடுக்கிறவன் நான். பாரம் சுமந்து நடந்தால் கால் உறுதியாகும் என்று யூடியூப்பில் யாரோ சொன்னதை நம்பி, மகனின் பழைய பள்ளிக்கூடப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு, விடியக் காலையில் பிரதான வீதிக்கு இறங்கினேன்.

நூறு அடி போகவில்லை. மீன் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன சேர், சைக்கிள் பழுதா? ஏறுங்க."

"இல்ல, சும்மாதான் நடக்கன்."

அவர் நம்பவில்லை. மீன்பெட்டிக்கு முன்னால் எனக்கு இடம் ஒதுக்கிக் காத்து நின்றார். மூன்றாந்தரமும் மறுப்பது மரியாதையாகப் படவில்லை. ஏறிவிட்டேன். முதல்நாள் பயிற்சியில் குருக்கள்மடம் வரை மீன்பெட்டியோடு போய், பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு மறுக்கப் பழகினேன். யார் நிறுத்தினாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "வேண்டாம், நான் நடந்தே போறன்" என்பேன். இரண்டு கிழமை இப்படிப் போனது.

ஒரு சனிக்கிழமை மனைவியின் அண்ணன் களுவாஞ்சிகுடியிலிருந்து வந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"மச்சான், என்ன பிரச்சினையெண்டாலும் இருந்து கதைப்பம். இந்த வயதில பையத் தூக்கிக்கொண்டு வீட்ட விட்டு வெளிக்கிடுறது சரியில்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். நான் தினமும் விடியற்புறம் மனைவியோடு சண்டை பிடித்து, உடுப்புகளை அள்ளிக்கொண்டு வெளியேறுகிறேனாம். யார் ஏறச் சொன்னாலும் ஏறாத அளவுக்குக் கோபமாம். போக இடமில்லாமல் ஏழு மணிக்குத் திரும்பி வருகிறேனாம். ஊர் முழுக்க இதுதான் கதை.

பையில் உடுப்பு இல்லை என்று காட்ட அதைத் திறந்தேன். மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அரிசியையுமா கொண்டு போறீங்க?" என்றார், மிகுந்த வேதனையோடு.

அடுக்களையிலிருந்து மனைவி வந்து நடைபவனியைப் பற்றிச் சொன்னாள். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். சண்டைக் கதைதான் நம்பும்படியாக இருக்கிறது என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவர் போன பிறகு மனைவி, "புருஷனத் துரத்தினவள் எண்டு எனக்கெல்லே பேர்" என்றாள். "நாளைக்கு நானும் வாறன். ஊர் பார்க்கட்டும்."

அவள் ரப்பர் செருப்போடு வந்தாள். அரிசியை வீட்டில் வைக்கச் சொன்னாள். நான் மூச்சு வாங்க வாங்க நடக்கும்போது அவள் ஒரு மின்கம்பம் தள்ளி முன்னால் போவாள். படலையில் நிற்கிறவர்களோடு, "ஓம், ரெண்டு பேரும்தான் நடக்கிறம்" என்று கதைத்துக்கொண்டு நிற்பாள். நான் போய்ச் சேர்ந்ததும் புறப்பட்டுவிடுவாள். அதனால் ஓய்வெல்லாம் அவளுக்கே கிடைத்தது.

அவளுக்குப் பின்னால் பிரதான வீதியில் போக எனக்கு வெட்கமாக இருக்கிறதென்று வாவிக்கரைப் பாதைக்கு மாறினோம். அங்கே தோணியில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர், முன்னால் போகிற அவளையும் பின்னால் ஓடாத குறையாக வருகிற என்னையும் பார்த்தார்.

"விடாதீங்க சேர், கெஞ்சிக் கேளுங்க. நிப்பா" என்றார்.

திருத்திச் சொல்ல என்னிடம் மூச்சு இருக்கவில்லை. தலையாட்டினேன்.

நடைபவனிக்கு அவளும் பெயர் கொடுத்தாள். நடைபவனி நாளன்று காத்தான்குடியில் என் குதிக்கால் கொப்புளம் உடைந்தது. புடைவைக் கடைக்காரர் ஒருவர் கதிரை போட்டு, பிளாஸ்டர் ஒட்டிவிட்டார். கல்லடிப் பாலத்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். முடிவிடத்தில் மனைவி முகம் கழுவி, சாப்பிட்டு முடித்து, எனக்கும் ஒரு பார்சல் எடுத்து வைத்திருந்தாள்.

"வந்திட்டீங்கதானே" என்றாள். அதில் பரிகாசம் இருந்ததா என்று தேடினேன். இருக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை கட்டிலிலிருந்து கால் ஊன்ற முடியவில்லை. நோயாளிகளுக்காக நடந்ததில் நோயாளியானேன் என்று எழுத மனம் வராமல், லீவு விண்ணப்பத்தில் 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.