பேசக் கூடாத நாற்காலி

அப்பாவுக்குப் பயந்த சுபாவம். பல்லி, தொலைபேசி மணி, உயர் அதிகாரி எல்லாம் ஒன்றுதான். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். "உங்கப்பா பசங்கள மிரட்ட மாட்டாரு, பசங்கதான் இவர மிரட்டுவாங்க" என்பாள் அம்மா.

ஆய்வகத்தில் நாற்பத்தேழு பிள்ளைகள், ஆறு பர்னர்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் சட்டைக் கையில் தீப்பிடித்தது. அப்பா தீயை அணைத்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீர் நிரப்பி வைப்பார்.

அவரைத்தான் ஆசிரியர் சங்கம் பேச்சுவார்த்தைக் குழுவில் போட்டது, குறிப்பு எழுத. ஊதியமோ வகுப்பின் அளவோ, ஆசிரியர்கள் தனித்தனியாகக் கேட்பதில்லை. எல்லோருக்குமாகச் சங்கம் பேசும். மேசையில் தலைவர் மட்டும் பேசுவார். வேறு யார் வாய் திறந்தாலும் அது சங்கத்தின் வாக்காகிவிடும். ஒப்பந்தத்தின் ஒரு பிரிவில் சங்கமும் கல்வித் துறையும் கையொப்பமிட்டால் அதை மறுபடி திறக்க முடியாது.

பதினோராவது அமர்வில் கல்வித் துறை அதிகாரி தட்டச்சுத் தாளை நீட்டினார். வகுப்புக்கு முப்பது பேர் என்ற வரி இருந்தது. மீறினால் கூடுதல் ஆசிரியர் போட வேண்டும் என்ற வரி இல்லை. முந்தைய அமர்வில் இரண்டையும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் நோட்டில் இருந்தது. களைத்துப்போயிருந்த தலைவர் பேனாவைத் திறந்தார்.

அப்பா பேசக் கூடாது. கையொப்பமிடும் இடத்தை உள்ளங்கையால் மூடினார்.

"என்ன சார் இது? கைய எடுங்க" என்றார் அதிகாரி.

அப்பா எடுக்கவில்லை.

தலைவர் எழுந்தார். "பத்து நிமிஷம் வெளிய போயிட்டு வர்றோம்."

தாழ்வாரத்தில் கேட்டார்: "என்னய்யா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

அப்பா முந்தைய அமர்வின் பக்கத்தைப் புரட்டினார். நோட்டைக் காட்டினார்.

விடுபட்ட வரியைச் சேர்த்த பிறகே கையொப்பம் விழுந்தது. கிளம்பும்போது அதிகாரி அப்பாவிடம் வந்தார். "உங்க பேரென்ன சார்? எந்த ஸ்கூல்?"

போன வாரம், அப்பாவை மயானத்துக்கு எடுத்துச் சென்ற பிறகு, தலைவர்தான் இதை எங்களிடம் சொன்னார்.

அந்த வருடம் முழுக்க, தபால்காரர் மணியடித்தால் அப்பா சமையலறைக்குள் போய்விடுவார். "என்னப்பா, போலீஸா வந்திருக்கு?" என்று சிரித்திருக்கிறேன். மாற்றல் உத்தரவுக்குப் பயந்திருக்கிறார். உத்தரவு வரவில்லை. ஆய்வகத்தில் முப்பது பிள்ளைகள் ஆனார்கள். மற்றவர்களுக்குப் பக்கத்து அறையில் புது ஆசிரியை வந்தார். வீட்டில் அதையும் அவர் சொல்லவில்லை.