தோளோடு கூட வந்த ஆள்

பிசியோதெரபி படித்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஒரு மாடியறை பிடித்து உட்கார்ந்த அந்தத் தொண்ணூறுகளில், ஊருக்கு நான் 'கரண்டு வைக்கிற பொண்ணு', அவ்வளவுதான். தோள் இறுகி, சட்டை மாட்டவும் தலை சீவவும் படாதபாடு பட்டவர்களே, இது உங்களுக்குத்தான்.

கரண்டு வைக்க வந்தவர்

களக்காட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மனைவியோடு வந்தார். வலது கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. சர்க்கரை வேறு. கரண்டு மெஷினை வைத்துவிட்டால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று பறந்தார். மெஷின் வலியைக் கொஞ்சம் தணிக்கும், கையைத் தூக்க வேண்டியது நீங்கள்தான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

நான் விடவில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனதில் என்ன கவலை என்று கேட்டுக்கொண்டே போனேன். தோள்வலிக்கு இத்தனை கேள்வியா என்று முறைத்தவர், மனைவி தண்ணீர் குடிக்க வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். அவருடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். கடையை மச்சினனிடம் ஒப்படைக்கப் பேச்சு நடக்கிறதாம். "வலி கெடக்கட்டும் தாயி. எனக்கும் வாதந்தான் வந்துட்டோன்னு நெனச்சி கண்ணே மூட மாட்டேங்கு. ஆமாவா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அன்பு செய்த வேலை

இல்லவே இல்லை, தோள்மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகியிருக்கிறது என்று சொல்லி, வலது கையால் என் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். எனக்கு வலிக்கிற அளவுக்குப் பிடித்தார். வாதம் வந்த கைக்கு இந்தப் பிடி ஏது என்றேன். அவருக்கே நம்பிக்கை வந்தது. பயம் போயிற்று, தூக்கம் வந்தது. கை மட்டும் வாரக்கணக்கில் அதே இடத்தில் நின்றது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வீட்டில் செய்கிறாரா என்று அந்த அம்மாளைக் கேட்டேன். விசாரித்தால், சட்டை மாட்டிவிடுவது, தலை துவட்டிவிடுவது, சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் அந்த அம்மாளேதான். அண்ணாச்சியின் கைக்கு ஒரு வேலைகூட மிச்சமில்லை. இனிமேல் எதையும் செய்து கொடுக்காதீர்கள் என்றேன். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவுக 'யம்மா'ன்னு கத்துவாக, நான் கையக் கெட்டிக்கிட்டு பாத்துட்டு நிக்கணுமாக்கும்? நல்ல டாக்டரம்மா நீங்க!"

நூல்கண்டு இடம் மாறியது

அந்தக் கை பகலெல்லாம் என்ன செய்கிறது என்று பார்க்க, மறுவாரமே பஸ் ஏறி களக்காட்டுக்குப் போய்விட்டேன். மச்சினன் பொட்டலம் கட்ட, அண்ணாச்சி ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். பலசரக்குக் கடையில் நூல்கண்டு தலைக்கு மேலே தொங்கும், பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க எட்டி எட்டி அதை இழுத்துப் பொட்டலம் கட்டிய கை அது. வலி வந்ததும் கண்டை இறக்கி இடது பக்கம் வைத்துவிட்டார்கள்.

அதை மறுபடி வலது பக்கம், அவர் கை எட்டும் அளவுக்குத் தொங்கவிடச் சொன்னேன். கை கொஞ்சம் எழும்பியதும் கண்டும் கொஞ்சம் ஏற வேண்டும். அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். பக்கத்தில் மனைவி தவித்தபடி நின்றார், ஆனால் தொடவில்லை.

மாதக்கணக்கில் ஆயிற்று. கண்டு பழைய உயரத்துக்கு ஏறிய அன்று நானும் கடையில் இருந்தேன். அண்ணாச்சி எட்டி நூலை இழுத்து, சுற்றி, அறுத்து, கருப்பட்டிப் பொட்டலத்தை என் முன்னால் வைத்தார். பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "மாப்ள, கடைய நான் பாத்துக்கிடுதேன். நீரு உம்ம சோலியப் பாக்கப் போவும்வே."

தோளை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போக யாருக்கும் வழியில்லாததால், அன்றிலிருந்து நான் கடை, பெண்டாட்டி, மச்சினன் எல்லாவற்றையும் சேர்த்தேதான் வைத்தியம் பார்க்கிறேன்.