ஆட்டின் பெயருக்கு ஒரு டிக்

பிறக்கும்போதே எனக்கு இடது கால் சூம்பியிருந்தது. பள்ளிக்குப் போக, ஊன்றுகோலோடு வாழவந்தி ஊர் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் சூம்பியது கால்தான், மூளை இல்லை. இதைப் பள்ளியில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கணக்கு டீச்சர் தினமும் சேலத்திலிருந்து மலையேறி வருவார். நல்லவர், அதுதான் சிக்கல். வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார். விடை தெரியாதவர்களுக்குத் தலையில் கொட்டு விழும். என் முறை வந்ததும், "நீ உக்காரு கண்ணு" என்பார். நான் எழுந்திருக்கவே இல்லையே! அதற்குள் அடுத்தவளிடம் போய்விடுவார். காலைப் பிரார்த்தனைக்கும் விளையாட்டுக்கும் எல்லாரும் வெளியே போக, பனி நுழைந்த வகுப்பில் நான் மட்டும் பைகளுக்குக் காவல். கொட்டு வாங்கியவர்கள் கூடி உட்கார்ந்து டீச்சரைத் திட்டிச் சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு ஒரு கொட்டுகூட இல்லை.

வீட்டுப்பாட நோட்டில் எனக்கு எப்போதும் டிக். சந்தேகம் வந்து ஒருநாள், ஐந்தாவது கணக்கின் விடையாக எங்கள் வீட்டு ஆட்டின் பெயரை எழுதி வைத்தேன். அதற்கும் டிக், பக்கத்தில் 'மிக நன்று'. சிரிப்புத் தாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் காட்டினேன்.

"உனக்கென்னடி, எதை எழுதுனாலும் டிக்கு. ஒரு மைனஸ் உட்டதுக்கு எனக்கு நேத்து நாலு கொட்டு" என்று நோட்டைத் தள்ளிவிட்டாள்.

அதன்பின் நான் கணக்குப் படிப்பதையே விட்டேன். பொய் சொல்வானேன், அதில் ஒரு சுகமும் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தாள் திருத்தியவருக்கு என் காலைப் பற்றித் தெரியாது. அப்பாவின் செல்போனுக்கு மார்க் வந்தது. கணக்கில் பதினேழு, ஃபெயில். எஸ்டேட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பா என்னோடு பள்ளிக்கு வந்தார். டீச்சர் உண்மையாகவே கண் கலங்கினார்.

"இந்தக் காலை வெச்சிக்கிட்டு அவ இத்தன தூரம் வந்ததே நொம்பப் பெருசுங்க. ஊட்டுல திட்டாதீங்க."

"சரிங்க டீச்சர்" என்று அப்பா கும்பிட்டார். எனக்கு இருவர் மேலும் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து துணைத்தேர்வு. என் நோட்டைப் புரட்டினால் எல்லாமே சரி. எங்கே தப்புச் செய்கிறேன் என்று அதிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. வெட்கத்தை விட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் வீட்டுக்கே போய் அவளுடைய பழைய நோட்டைக் கேட்டேன். அவள் பாஸாகியிருந்தாள். "எடுத்துக்க, எனக்கு இனி எதுக்கு" என்று கொடுத்தாள்.

பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'மைனஸ் எங்கே?' 'அவசரப்படாதே.' 'மறுபடி போடு.' அவளுடைய தப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் நான் கணக்குக் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்தின் அடியில், 'உன்னால் முடியும். மதியம் என்னை வந்து பார்' என்று டீச்சர் எழுதியிருந்தார். அன்று நாலு கொட்டு வாங்கியவள் மேல் பொறாமைப்பட்டு அழுதேன்.