துணி அலசிய தண்ணீர்

இன்று காலை காபி பில்டரை அலசியபோது கையெல்லாம் கறுப்புத் தூள். கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் எழுபதுகளில் நான் வேலை பார்த்த மருந்துச் சரக்குக் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி, ஹெல்பர் வேலை. கூச்சம் வேறு. யாராவது பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அங்கே மஞ்சள் சரக்கை ரியாக்டர் என்கிற பெரிய பாத்திரத்தில் போட்டு வெள்ளையாக மாற்றுவோம். மாற்றுவது பல்லேடியம் என்ற கறுப்புப் பொடி. தான் மாறாமல் மற்றதை மாற்றிவிடும். வெளிநாட்டுச் சாமான், முதலாளி பீரோவில் பூட்டிவைப்பார். வேலை முடிந்ததும் பொடியை வடிகட்டி எடுப்போம். வடிகட்டிய துணியில் ஒட்டியதும் வீணாகாதபடி அதை அலசி, அந்தத் தண்ணீரையும் அடுத்த தடவை உள்ளேயே ஊற்றிவிடுவோம், சாப்பிட்ட தட்டை அலசிக் குடிப்பவர்களைப்போல.

மீஞ்சூரிலிருந்து ரயிலில் வரும் கெமிஸ்ட் ரெஜினா மேடம், அதே வேலையை விலை குறைந்த இரும்பை வைத்தே செய்யலாம் என்று பிடிவாதமாக இருந்தார். முதலாளி தீபாவளி வரை கெடு வைத்தார். நடக்காவிட்டால் மேடத்துக்கு வேலை இல்லை. பல தடவை தோற்று, ஒருநாள் மஞ்சள் நிறம் சட்டென்று மறைந்தது. முதலாளி ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னார். மேடம் மட்டும் எங்கள் மூத்த ஆபரேட்டர் கேசவலு நைனாவிடம் வந்தார்.

"நைனா, உள்ள வேற எதுனா ஊத்தினீங்களா?"

"எப்பவும் போலத்தாம்மா, துணி அலசுன தண்ணி. ஒரு பொட்டு வேஸ்ட் பண்ணல."

மேடம் நேராக முதலாளியிடம் போனார். "சார், இது இரும்பு செஞ்சது இல்ல. பழைய பல்லேடியம் செஞ்சது."

"இனிப்ப முழுங்கறதுக்குள்ள ஏம்மா பேஜாரு பண்றே?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைத்திருக்கும். மேடம் புதுப் பாத்திரம், புதுத் துணி கேட்டு வாங்கினார். மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. இரும்பு உப்போடு கரிப்பொடியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். தீபாவளிக்கு முந்தின நாள், சாயங்காலம் வரை இழுத்து, நிறம் மெல்ல வெளுத்தது.

"நைனா, வேற எதுவும்..."

"சத்தியமா இல்லம்மா. கைகூடக் கழுவிக்கினுதான் வந்தேன்."

அப்போதும் நம்பாமல், இன்னொரு புதுப் பாத்திரத்தில் செய்யவைத்தார். பண்டிகையன்று காலையில் அதுவும் வெளுத்தது. மேடம் காலி டிரம்மின்மேல் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

அந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதன்பிறகு வேறு கம்பெனிகளிலும் வேலை பார்த்துவிட்டேன். நன்றாக முடிந்த சரக்கின் முன்னால் நின்று, இது நான் செய்ததல்ல என்று சொன்னவர் யாரையும் அங்கெல்லாம் காணவில்லை.