பெண்பால் இல்லாத ஹீப்ரு வகுப்பு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தி. நகரில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் ஹீப்ரு வகுப்பு நடந்தது. இஸ்ரேலில் முதியவர்களை வீட்டோடு இருந்து கவனிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு. நான் மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்து ஓடுவேன். வகுப்பில் மற்ற எல்லோரும் ஆண்கள்.

சொல்லிக்கொடுத்தவர் அங்கே சில வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். 'போக்கர் தோவ்' என்றால் காலை வணக்கம். 'ரெகா' என்றால் கொஞ்சம் பொறு. 'அனி ரோட்சே', எனக்கு வேண்டும். 'எய்ஃபோ கோஏவ் லெகா', உங்களுக்கு எங்கே வலிக்கிறது? வார்டில் கட்டுப் போடும்போதும் பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். வகுப்பில் என்னைவிட வேகமாகப் பதில் சொன்னவர் யாருமில்லை.

நேர்காணலுக்கு ஓர் இஸ்ரேல்காரப் பெண்மணி வந்திருந்தார். தன்னை நோயாளியாக நினைத்துக்கொண்டு பேசச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்து, "எய்ஃபோ கோஏவ் லெகா?" என்றேன். அவர் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரைக் கேட்கிறாய்? இங்கே ஆண் யாரும் இல்லையே" என்றார் ஆங்கிலத்தில்.

'லெகா' ஆணிடம் கேட்பதாம்; பெண்ணிடம் 'லாக்' என்று கேட்க வேண்டுமாம். தமிழில் நான் சொன்னாலும் என் அண்ணன் சொன்னாலும் 'வர்றேன்' ஒன்றுதான். ஹீப்ருவில் பெண் தன்னைப் பற்றி 'அனி ரோட்சே' என்றில்லை, 'அனி ரோட்சா' என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனை மாதமும் ஆம்பளையாகப் பேசப் பழகியிருக்கிறேன். இன்னும் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். வகுப்பில் என்னிடம் கேட்டுக் கேட்டுப் படித்த ஒருவனைத் தன்னைப் பற்றி மட்டும்தான் பேசச் சொன்னாராம்; அவன் தேர்வானான்.

எங்கள் குப்பத்துக்கு வந்தபோது அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்படி கீது?"

சொன்னேன்.

"சொல்லிக்குடுத்தவன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்? போய் அவன கேளு!"

மறுநாள் வகுப்பில் உட்காராமலே கேட்டேன். "சார், பொம்பளைக்கு வேற மாதிரி சொல்லணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நீ ஒருத்திதானே பொண்ணு. உனக்காக எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா எழுதிக்கினு இருக்க முடியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். தெரியும் என்றார்.

"விடு சிஸ்டர், டைம் போய்க்கினே கீது" என்றான் பின்னாலிருந்த ஒருவன்.

அவன் பக்கம் திரும்பினேன். "அங்க போய் நீ யாரப் பார்த்துக்கப் போற? பாதி கிழவிங்கதான். அவங்கள்ட்ட 'எங்க வலிக்குதுடா'ன்ற மாதிரி கேப்பியா? உனக்கும்தான் தப்பா சொல்லிக்குடுத்திருக்காரு."

அவன் வாத்தியார் பக்கம் திரும்பி, "அப்படியா சார்?" என்று கேட்டான்.

வேறு வழியில்லாமல் அவர் போர்டில் இரண்டையும் எழுத ஆரம்பித்தார். ஆணுக்கானது பெரிய எழுத்தில். எனக்கானது அதன் கீழே, சின்னதாக, அடைப்புக்குறிக்குள். நான் முன்னால் போய் டஸ்டரை எடுத்து எல்லா அடைப்புக்குறிகளையும் அழித்தேன். "பெரிசா எழுதுங்க சார்" என்றேன். எழுதினார். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானும் முன்வரிசையைவிட்டு நகரவில்லை.

அடுத்த நேர்காணலில் தேர்வானேன். வகுப்பில் எல்லோருக்கும் இனிப்பு கொடுக்கச் சொன்னாள் அம்மா. அந்த ஆளுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்க மாட்டேன் என்றேன். கொடுக்கவும் இல்லை.